யோசேப்பு போட்ட கையெழுத்து

மஞ்சள் உறையை இரத்தினம் கையால் தொடவில்லை. தபால்காரன் அதைப் பெட்டிக்குள் போடுவதற்கு முன் உறையின் மேல் அன்றைய தேதியை எழுதியதை யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றார். வேறெந்தக் கடிதத்துக்கும் அவன் பேனை எடுக்கிறதில்லை. இதற்கு மட்டும் எடுப்பான். கடிதம் கொடுக்க வந்தவன் பேனை எடுத்தால் அதில் ஏதோ இருக்கிறது.

மனைவி சுகன்யாதேவிதான் மூன்று மாடியும் இறங்கிப் போய் எடுத்து வந்தார்.

"இஞ்சருங்கோ, கோர்ட்டில இருந்துதான். திரும்பவும்."

"வை அங்கால."

"வைச்சால் தானாப் போயிடுமோ? போன முறையும் வைச்சீங்கள். முந்நூறு யூரோ தண்டம் வந்தது."

இரத்தினம் தேத்தண்ணீரை உறிஞ்சினார். ஜெர்மனியில், ஆஹென் நகரத்தில், இந்த வீட்டில் அவர்கள் முப்பத்து மூன்று வருடமாக இருக்கிறார்கள். வீட்டுக்காரக் கிழவி ஹெர்மான்ஸ் இருந்த வரைக்கும் ஒரு கடிதமும் வந்ததில்லை. கிழவி செத்தாள், பிள்ளைகள் கட்டடத்தை ஒரு கொம்பனிக்கு விற்றார்கள். கொம்பனிக்கு வீடு வேண்டாம், அறைகள்தான் வேண்டும். ஒரு வீட்டை நாலு அறையாக வெட்டி, பல்கலைக்கழகத்தில் படிக்க வருகிற பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்தால் கொழுத்த வாடகை. மற்ற மாடிகளில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். இவர்கள் போகவில்லை. அதனால் கொம்பனி வழக்குப் போட்டது. இந்த வீட்டில் இருக்கிற ஆள், வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்த ஆளே இல்லை என்பதுதான் வழக்கு. ஆள் வேறு, ஆகவே வெளியே போ.

சுகன்யாதேவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடிதத்தை எழுத்துக்கூட்டினார்.

"பதினேழாம் தேதி, காலமை ஒன்பதரை. பெர்ஸோன்லிஹ் வரட்டாம்."

அந்தச் சொல் இரத்தினத்துக்கு நன்றாகத் தெரியும். ஜெர்மன் மொழியில் அவருக்கு ஒழுங்காகத் தெரிந்த சொற்கள் நூறு இருந்தால் அதில் இது முதலாவது. நேரில் வா. எண்பத்தெட்டில் அகதி விடுதியில் பக்கத்துக் கட்டிலில் தில்லையம்பலம் என்று ஒருவன் இருந்தான். அவனுக்கும் இப்படித்தான் வந்தது. விசா நீட்டத்தான் கூப்பிடுகிறார்கள் என்று சொல்லி, அடுப்பில் சோற்றை வைத்துவிட்டு, "ஒரு மணித்தியாலத்தில வந்திடுவன், பார்த்துக்கொள் அண்ணை" என்று போனான். சோறு வெந்தது. இரத்தினம்தான் அடுப்பை நிற்பாட்டினார். பின்னேரம் ஒரு பொலிஸ்காரன் வந்து தில்லையம்பலத்தின் பெட்டியை எடுத்துக்கொண்டு போனான். பெட்டி மட்டும்தான் தேவையாம், ஆள் ஏற்கெனவே விமான நிலையத்தில்.

அதற்குப் பிறகு யார் நேரில் கூப்பிட்டாலும் இரத்தினம் முதலில் வாசலைத்தான் பார்ப்பார். இப்போது அவரிடம் ஜெர்மன் அடையாள அட்டை இருக்கிறது, யாரும் விமானத்தில் ஏற்ற முடியாது. அது அவருக்குத் தெரியும். தெரிந்தும் நெஞ்சு கேட்கவில்லை.

போன முறை மருத்துவரிடம் வயிற்றுவலி என்று சொல்லித் துண்டு வாங்கி அனுப்பினார். நீதிபதி அதை ஏற்கவில்லை. வயிற்றுவலிக்காரன் பஸ்ஸில் வரலாம் என்று எழுதி, தண்டமும் போட்டு, புதுத் தேதியும் குறித்துவிட்டாள்.

அடுத்த நாள் வழக்கறிஞரிடம் போனார்கள். மிதுசா என்று பெயர். இங்கே பிறந்த பெண், முப்பது வயதிருக்கும், சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் பட்டம் தொங்கியது. நம்முடைய பிள்ளை என்று சுகன்யாதேவிக்குப் பெருமை. இரத்தினத்துக்கு இல்லை. வழக்கின் முதல் தவணையில் இந்தப் பெண், கொம்பனியின் வழக்கறிஞனுக்குக் கைகொடுத்துச் சிரித்தாள் என்று அங்கே போன சுகன்யாதேவியே வந்து சொல்லியிருந்தார். எதிராளியோடு சிரிக்கிறவளுக்கு எவன் காசு கொடுப்பது?

"அங்கிள், இந்த முறை நீங்கள் கட்டாயம் வரவேணும்," என்றாள் மிதுசா.

"வராட்டி பொலிஸ் வருமோ?"

"இல்லை. இது சிவில் வழக்கு. உங்களை ஆரும் பிடிச்சுக்கொண்டு போக ஏலாது. திரும்பத் தண்டம் போடலாம். ஆனால் ரிஹ்டரின் உங்களைத்தான் கேக்க நினைக்கிறா. நீங்கள் இல்லாட்டி, கையில கிடக்கிற கடதாசியை வைச்சு முடிவெடுப்பா. கடதாசி உங்களுக்கு நல்லா இல்லை."

ரிஹ்டரின் என்றால் அந்தப் பெண் நீதிபதி. அது இரத்தினத்துக்கு விளங்கியது. மற்றது விளங்கவில்லை.

"நீ இருக்கிறாய்தானே? உனக்குத்தானே காசு தந்தது? பேந்து என்னத்துக்கு நான்?"

"எனக்கு அண்டைக்கு நடந்தது தெரியாது அங்கிள். நான் அப்ப பிறக்கவே இல்லை." மேசையில் ஒப்பந்தத்தின் நகலைத் திருப்பி வைத்தாள். "சரி, எனக்குச் சொல்லுங்கோ. இது உங்கட கையெழுத்தோ?"

இரத்தினம் அதைப் பார்த்தார். இங்கிலீஷ் எழுத்தில், உருண்டையாக, கோழிமுட்டை அடுக்கினமாதிரி அவருடைய பெயர். சுகன்யாதேவி மடியில் இருந்த கைப்பையைப் பார்த்தார்.

"என்ரதான்," என்றார் இரத்தினம்.

மிதுசா நகலைத் தன் பக்கம் இழுத்தாள். பிறகு, "நீங்கள் எனக்குப் பொய் சொன்னால் என்னால ஒண்டும் செய்ய ஏலாது. உண்மை சொன்னால் வீடு தப்பும்," என்றாள்.

உண்மை சொன்னால் தப்பும் என்று சொல்கிறவர்களை இரத்தினம் ஊரிலும் கண்டிருக்கிறார், இங்கேயும் கண்டிருக்கிறார். அவர் எழும்பித் தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

அது அவருடைய கையெழுத்து இல்லை. அவர் தமிழில்தான் கையெழுத்துப் போடுவார். மற்ற எழுத்து அவர் கைக்கு வராது.

தொண்ணூற்றொன்றில் நடந்தது இது. பிஸ்கற் தொழிற்சாலையில் அவருக்குக் காலை வேலை. மத்தியானத்துக்குள் வந்து கையெழுத்துப் போடாவிட்டால் வீட்டை வேறு ஆளுக்குக் கொடுப்பேன் என்று கிழவி ஹெர்மான்ஸ் சொல்லிவிட்டாள். லீவு கேட்டால் வேலை போய்விடும். கூட்டாளி யோசேப்புதான் போனார். இரத்தினத்தின் அட்டையை எடுத்துக்கொண்டு, இரத்தினமாகப் போனார். அது அந்த நாளில் ஒரு புதினமே இல்லை. ஓர் அட்டையில் இரண்டு பேர் வேலை செய்தார்கள். வேலை செய்ய அனுமதி இல்லாத யோசேப்பு இரத்தினத்தின் பெயரில் ஓர் உணவகத்தில் இரண்டு வருடம் கோப்பை கழுவினார். வெள்ளைக்காரனுக்கு நம்முடைய முகங்கள் எல்லாம் ஒன்று. படத்தைப் பார்ப்பான், ஆளைப் பார்ப்பான், தலையாட்டுவான். கிழவியும் தலையாட்டினாள். சாமான் ஏற்றுகிற நாளில் வேறு ஆள் வந்து நின்றபோது மேலும் கீழும் பார்த்தாள், பிறகு வீட்டுத் திறப்பைக் கொடுத்தாள். அதோடு சரி.

ஆகவே இது தெரிந்தவர்கள் நாலு பேர். கிழவி செத்துவிட்டாள். சுகன்யாதேவி வாய் திறக்கமாட்டார். அப்படியென்றால் கொம்பனிக்கு யார் சொன்னது?

யோசேப்பு தை மாதத்திலிருந்து அந்தக் கொம்பனிக்குத்தான் படிக்கட்டுக் கூட்டுகிறார். பென்சன் காணாது என்று இந்த வேலையை எடுத்தாராம். மாசியில் ஒரு நாள், கொம்பனியின் கோட்டுப் போட்ட பெடியனோடு இரண்டாம் மாடியில் நின்று யோசேப்பு கையைக் காலை ஆட்டிக் கதைத்ததை இரத்தினம் கதவு ஓட்டைக்குள்ளால் கண்டார். பங்குனியில் வழக்கு வந்தது. இதற்கு மேல் என்ன வேண்டும்? அன்றிலிருந்து யோசேப்பு கூட்ட வரும் நேரத்தில் இரண்டு பூட்டும் போட்டு, ஓட்டையில் கண்ணை வைத்துக்கொண்டு நிற்பார். கதை இல்லை, பேச்சு இல்லை. மூன்று மாதம்.

ஆனால் இப்போது யோசேப்பு வேண்டும். அதுதான் வயிற்றெரிச்சல். நீதிபதி என்ன செய்யப் போகிறாள்? முன்னால் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, கையெழுத்தைப் போடு என்பாள். இரத்தினம் போட்டால் மாட்டுவார். அந்தக் கோழிமுட்டைக் கையெழுத்தைப் போடக்கூடிய கை உலகத்தில் ஒன்றுதான் இருக்கிறது. அந்தக் கை வெளியே விளக்குமாறு பிடித்துக்கொண்டிருக்கிறது.

வெள்ளிக்கிழமை கதவைத் திறந்தார்.

"உள்ள வா."

யோசேப்பு விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தார். "மூண்டு மாசமா ஓட்டைக்குள்ளால ஒரு கண்தான் கண்டன். இண்டைக்குத்தான் முழு ஆளைக் காணுறன். மெலிஞ்சுபோனாய் மச்சான்."

"பகிடி வேண்டாம். இரு."

இரத்தினம் விஷயத்தைச் சொன்னார். பதினேழாம் தேதி யோசேப்பு போகவேண்டும், இரத்தினமாக. அட்டையைக் காட்டவேண்டும், கையெழுத்துப் போடவேண்டும், தமிழில் இரண்டு சொல் சொல்லிவிட்டு வரவேண்டும். மிதுசாவுக்கு இப்போது சொல்லத் தேவையில்லை. அங்கே வந்து கண்டால் அவள் வாயை மூடிக்கொள்ளத்தான் வேண்டும்.

யோசேப்பு சிரித்ததில் இருமல் வந்துவிட்டது. "டேய், எனக்கு எழுபத்தொண்டு. தலை மொட்டை. உன்ர படத்தில பார், பத்தைக் காடு."

"அவங்களுக்குத் தெரியாது. அண்டைக்குத் தெரிஞ்சதோ?"

"இது அண்டைக்கில்லையே."

"ஏலாது எண்டால் ஏலாது எண்டு சொல்லு. உன்ர கொம்பனிக்கு நீ விசுவாசம். எனக்கு விளங்குது."

யோசேப்பின் சிரிப்பு நின்றது. இரத்தினத்தையே பார்த்தார். பிறகு கையை நீட்டினார்.

"தா அட்டையை."

"என்ன?"

"தா. போறன். ஒன்பதரைதானே?"

அட்டையை வாங்கிச் சட்டைப்பைக்குள் போட்டு, விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். ஒரு மறுப்பும் சொல்லவில்லை, ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கதவைப் பூட்டிய பிறகுதான் இரத்தினத்துக்கு அது உறைத்தது. இவ்வளவு லேசாகவா சம்மதிப்பான் ஒருவன்?

அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. கையெழுத்து யோசேப்புடையது. இப்போது அட்டையும் யோசேப்பிடம். நீதிபதிக்கு முன்னால் போய், "அம்மா, கையெழுத்து வைச்சவன் நான், என்ர பெயர் யோசேப்பு, வீடு என்னுடையது" என்று சொன்னால்? இல்லாவிட்டால், "இந்தா பாருங்கோ, கள்ள அட்டை தந்து என்னை அனுப்பினவன் இரத்தினம்" என்று அட்டையைத் தூக்கிக் காட்டினால்? கொம்பனி அவருக்குக் கீழ்வீட்டில் ஓர் அறை சும்மா கொடுக்கும். படிக்கட்டுக் கூட்ட ஆள் பக்கத்திலேயே இருந்தால் அவர்களுக்கும் வசதிதானே.

"நீங்கள்தானே போகச் சொன்னது?" என்றார் சுகன்யாதேவி.

"சொன்னனான். அவன் ஏன் ஓம் எண்டவன்?"

பதினேழாம் தேதி காலை எட்டு மணிக்கு இரத்தினம் சட்டை மாற்றினார். மனைவி ஒன்றும் கேட்காமல் கோட்டுப் பைக்குள் மஞ்சள் உறையைச் செருகிவிட்டார். பஸ்ஸில் எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் மடிக்கணினிப் பையோடு பல்கலைக்கழகப் பெடியளும். இவர்களுக்குத்தான் என் வீட்டை வெட்டப் போகிறார்கள் என்று ஒவ்வொருவனையும் முறைத்தார்.

நீதிமன்ற வாசலில் சீருடைக்காரன் அட்டை கேட்டான். அட்டை எங்கே இருக்கிறது? யோசேப்பிடம். வேறு வழியில்லாமல் மஞ்சள் உறையை எடுத்து நீட்டினார். அவன் படித்துப் பார்த்து, இடுப்புவாரைக் கழற்றச் சொல்லி, மூன்றாம் மாடி என்று விரலைக் காட்டினான்.

மேலே நீண்ட நடைக்கூடம். யோசேப்பு உள்ளே இருந்து தன் வீட்டை எழுதி வாங்கிக்கொண்டிருப்பதை இரத்தினம் மனக்கண்ணில் கண்டுகொண்டே நடந்தார். நடையின் கடைசியில், கதவுக்கு வெளியே, மர வாங்கிலில் யோசேப்பு தனியாக உட்கார்ந்திருந்தார். தேவாலயத்துக்குப் போடுகிற நீலக் கோட்டைப் போட்டிருந்தார்.

"வா," என்றார் யோசேப்பு. "ஒன்பது இருவத்திரண்டு. நேரத்துக்குத்தான் வந்திருக்கிறாய்."

"நீ உள்ள போகேல்லையோ?"

"நான் ஏன் போறன்? என்னை ஒரு கிழமைக்கு முந்தியே மிதுசாப் பிள்ளை சாட்சியாப் போட்டிட்டாள். நான்தான் அவளுக்கு ரெலிபோன் எடுத்தனான். சாட்சி வெளியதான் இருக்கவேணும்." சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினார். "இந்தா, பிடி."

"அப்ப என்னத்துக்கு வாங்கினனீ?"

"ஏலாது எண்டு சொல்லியிருந்தால் நீ வீட்டில கட்டிலுக்குக் கீழ ஒளிச்சிருப்பாய். ஓம் எண்டு சொன்னால் நீ என்னை நம்பமாட்டாய், பின்னால வருவாய் எண்டு தெரியும். முப்பத்தஞ்சு வருசப் பழக்கமடா. அதை நம்பித்தான் வாங்கினனான்."

இரத்தினத்துக்குத் திட்டுவதற்கு நல்ல சொல் ஒன்று வந்தது. அதற்குள் கதவு திறந்து மிதுசா எட்டிப் பார்த்தாள். "அங்கிள்! வந்திட்டீங்கள். வாங்கோ, வாங்கோ." அவள் முகத்தில் இருந்தது சந்தோசம்தான் என்று இரத்தினத்துக்கே தெரிந்தது. அதையும் அவர் முழுதாக நம்பவில்லை.

உள்ளே சின்ன அறை. நீதிபதி ஐம்பது வயதுப் பெண், மூக்கு நுனியில் கண்ணாடி. எதிர் மேசையில் கொம்பனியின் வழக்கறிஞன். நடுவில் மொழிபெயர்க்க ஒரு பெண். பார்கவி என்று பெயர் சொன்னாள், தமிழ்நாட்டுக்காரி. "சார், பயப்படாதீங்க, ஜட்ஜ் கேக்கறத அப்படியே சொல்றேன், நீங்க சொல்றதையும் அப்படியே சொல்வேன்" என்றாள். கேட்காமலே சொல்கிறாளே என்று இரத்தினம் அதையும் குறித்துக்கொண்டார்.

நீதிபதி இரண்டு தாள்களை அருகருகே வைத்தாள். ஒன்று பழைய ஒப்பந்தம், கோழிமுட்டைக் கையெழுத்து. மற்றது தை மாதம் ஹீட்டர் மீற்றர் மாற்றியபோது கொம்பனிக்காரன் கொண்டுவந்து நீட்டிய தாள். அதன் அடியில், கொட்டை எழுத்தில், தமிழில், இரத்தினம்.

அவர் அந்த இரண்டையும் பார்த்தார். இரண்டாவது தன் கையாலேயே போட்டது. யோசேப்பு கோட்டுப் போட்ட பெடியனிடம் எதைச் சொன்னாரோ, இதைச் சொல்லத் தேவையே இருந்திருக்கவில்லை. இரண்டும் ஒரே கை இல்லை என்று குருடனுக்கும் தெரியும்.

"ஒரு தடவை இங்க கையெழுத்துப் போடச் சொல்றாங்க, சார்," என்று பார்கவி ஒரு வெற்றுத் தாளை வைத்தாள்.

வெற்றுத் தாள். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டவன் எவன் உருப்பட்டான்? பேனையை எடுத்து முதலில் தாளின் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு இழுத்தார். நடுவில், "இது கையெழுத்துப் பார்க்க மட்டும், வேறொன்றுக்கும் இல்லை" என்று தமிழில் எழுதினார். அதன் கீழேதான் பெயரைப் போட்டார்.

பார்கவி அதை வாசித்துக் காட்டினாள். நீதிபதி கண்ணாடியைக் கழற்றி அவரைப் பார்த்தாள். "சரியான வேலை" என்று சொன்னதாகப் பார்கவி சொன்னாள். சொன்னாளோ என்னவோ.

"அப்ப ஒப்பந்தத்துல போட்டது யாருன்னு கேக்கறாங்க."

பொய் சொல்ல இனி இடமில்லை. தமிழ்க் கையெழுத்து முன்னால் கிடக்கிறது. இரத்தினம் மூச்சை விட்டார்.

"வெளியில இருக்கிறான். யோசேப்பு. நான் வேலையில நிண்டனான். எனக்காகத்தான் போட்டவன். நான்தான் அனுப்பினனான்."

யோசேப்பைக் கூப்பிட்டார்கள். பிஸ்கற் தொழிற்சாலை, கிழவி, மத்தியானம், எல்லாவற்றையும் ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். அட்டை கொண்டுபோனதையும் சொன்னார். முப்பத்து மூன்று வருடத்துக்கு முந்தின அட்டைக் கதை தனக்குத் தேவையில்லை என்று நீதிபதி கையை அசைத்தாள். அப்போதுதான் கொம்பனி வழக்கறிஞன் எழும்பினான். இரத்தினம் காத்துக்கொண்டிருந்த கேள்வியை அவன் கேட்டான்.

"கையெழுத்து உங்களுது. அப்போ வாடகைக்காரர் நீங்கதானான்னு கேக்கறார்," என்றாள் பார்கவி.

இரத்தினம் கதிரையின் விளிம்பைப் பிடித்தார். இதோ வருகிறது. ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

"நானோ?" என்றார் யோசேப்பு. "அந்த வீட்டில நான் ஒரு நாள் படுத்தெழும்பினது கிடையாது. இவன் படுக்க விட்டாத்தானே? ஒரு பியர் குடிச்சாலும் பத்து மணிக்குக் கதவைத் திறந்து பிடிச்சுக்கொண்டு நிப்பான். வீடு இவன்ரதான். கிழவிக்கும் தெரியும். திறப்பை இவன்ர கையிலதான் குடுத்தவ."

பார்கவி சிரிப்பை அடக்கிக்கொண்டு மொழிபெயர்த்தாள். நீதிபதி எழுதினாள்.

ஒருவன் இன்னொருவனுக்காக, அவன் சொல்லித்தான், அவன் பெயரில் கையெழுத்து வைத்தால், அது அந்தப் பெயர்க்காரனுக்கே செல்லும் என்று நீதிபதி கொம்பனி வழக்கறிஞனுக்குச் சொன்னாள். அவன் வெளியே போய் ரெலிபோனில் கதைத்துவிட்டு வந்து, வழக்கைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொன்னான். நீதிபதி இரத்தினத்தைப் பார்த்தாள்.

"கேஸ வாபஸ் வாங்கறாங்க. உங்க சம்மதம் வேணுமாம், சார்."

சம்மதமா? தோற்கிறவன் போகிறதற்கு எதற்கு என் சம்மதம்? இதில் ஏதோ கிடக்கிறது.

"எடுத்துக்கொண்டு போனால், பேந்து திரும்பக் கொண்டுவர ஏலுமோ எண்டு கேளுங்கோ."

பார்கவி கேட்டாள். நீதிபதி ஒரு கணம் பேனையை நிறுத்தினாள். சட்டப்படி முடியும் என்றாள்.

"அப்ப ஏலாது. சம்மதமில்லை. தீர்ப்பு எழுதச் சொல்லுங்கோ."

மிதுசா குனிந்து தன் தாள்களைப் பார்த்தாள். வாய் சிரித்தது. "அங்கிள், இதைத்தான் நான் உங்கட காதில சொல்ல வந்தனான்," என்றாள் மெதுவாக. முதன்முறையாக இரத்தினம் அவளைப் பார்த்துத் தலையாட்டினார்.

பன்னிரண்டு மணிக்கு எல்லோரையும் எழும்பி நிற்கச் சொல்லி நீதிபதி வாசித்தாள். வழக்குத் தள்ளுபடி. வீட்டில் இருக்கலாம். பார்கவி சொன்ன பிறகு இரத்தினம் மிதுசாவிடம் திரும்பி அதையே கேட்டார், பிறகு யோசேப்பிடமும் கேட்டார். மூன்று பேரும் ஒன்றையே சொன்னார்கள்.

"கடிதமா வருமோ?"

"வரும் அங்கிள். மஞ்சள் உறையிலதான். இதைத் திறவுங்கோ."

பஸ் தரிப்பில் இரண்டு கிழவர்களும் நின்றார்கள். மழை தூறியது.

"மாசியில அந்தக் கோட்டுக்காரப் பெடியனோட என்ன கதைச்சனீ?" என்று இரத்தினம் கேட்டார். "ரெண்டாம் மாடியில. கையைக் காலை ஆட்டி."

"விளக்குமாறு தேய்ஞ்சு போச்சு, புதுசு வாங்கித் தா எண்டு கேட்டன். அவனுக்கு விளக்குமாறு எண்டால் என்னெண்டு தெரியாது. கூட்டிக் காட்டினன்."

"ம்."

"நாளைக்குக் கூட்ட வாறன். கதவைத் திறந்து ஒரு தேத்தண்ணி தருவியோ?"

"பார்ப்பம்."

பஸ் வந்தது. யோசேப்பு முன்னால் ஏறி யன்னல் பக்கம் உட்கார்ந்தார். இரத்தினம் பக்கத்தில் அமர்ந்தார். பஸ் இரண்டு தரிப்புப் போன பிறகு, யோசேப்பு வெளியே பார்க்கிற நேரம் பார்த்து, இரத்தினம் தன் சட்டைப்பையிலிருந்து அட்டையை மெல்ல எடுத்து, கையால் மறைத்துக்கொண்டு, படத்தில் இருப்பது தான்தானா என்று பார்த்தார்.